நாய் ஓடும் சத்தத்தின் படம்

அண்ணி போன் செய்தபோது தங்கையின் வாயில் பற்பசை நுரை இருந்தது. துப்பிவிட்டு என்ன என்று கேட்டாள். அண்ணி எடுத்த எடுப்பில் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பக்கத்தில் யாரோ தூங்குவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, காலையில் கணினி முன்னால் உட்கார்ந்த அண்ணன் ஒன்றையும் தொடாமல் எழுந்து வந்துவிட்டார் என்றாள். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு அவர் சொன்னது இதுதான்:

"பச்சை மட்டும் தெரியுது. மத்ததெல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

அதைச் சொல்லி முடிக்கும்போதுதான் அண்ணியின் குரல் உடைந்தது.

போன வருஷம் அண்ணனுக்கு மூளையில் சின்னதாக ஒரு ரத்தக்கட்டு வந்தது. கை தப்பித்தது, கால் தப்பித்தது, வாயும் தப்பித்தது. வாய் தப்பித்ததில் அண்ணிக்கு அவ்வளவு சந்தோஷமில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். போனது படிப்பு ஒன்றுதான். எழுத வரும், எழுதியதைப் படிக்க வராது. ஆஸ்பத்திரியில் ஒரு தாளில் அழகாகத் தன் பெயரை எழுதிவிட்டு, இது யாருடைய பெயர் என்று நர்ஸைக் கேட்டார். எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதாம். கண்ணும் நன்றாக இருக்கிறது, மொழியும் நன்றாக இருக்கிறது, நடுவில் இருக்கிற வழி அடைபட்டுவிட்டது என்றார் டாக்டர். படங்கள் வேறு வழியில் போகின்றனவாம், அதனால் அவற்றுக்குப் பழுதில்லை. என்றைக்காவது படங்களும் குழம்பினால் யோசிக்காமல் கூட்டி வாருங்கள் என்றும் சொல்லியிருந்தார்.

அண்ணனுக்குத் தொழில் கார்ட்டூன் படங்களுக்குச் சத்தம் செய்வது. வீட்டின் பின்னறையில் சுவர் முழுக்கக் கம்பளி தொங்கும். தோல் கையுறையின் விரல்நுனிகளில் பேப்பர் கிளிப்புகளை ஒட்டிக்கொண்டு பலகையில் தட்டினார் என்றால், கண்ணை மூடிக்கொண்டு கேட்பவர்கள் காலைத் தூக்கிக்கொள்வார்கள், நாய் வருகிறது என்று. அதற்கெல்லாம் படிப்பு வேண்டாம். ஆனால் செய்த சத்தம் கணினிக்குள் போய்விட்டால் எல்லாமே பெயர்கள். எது சத்தம், எது வீடியோ, எது இரண்டையும் கோத்துவைத்திருக்கும் வேலைக்கோப்பு என்று படித்தால்தான் தெரியும். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். ஒரு வாரத்தில் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகும் நிலை வந்துவிட்டது.

அப்போதுதான் தங்கை ஒரு கணினி நிரலை எழுதினாள். அவள் ஒரு கம்பெனியில் அதைத்தான் செய்கிறாள். அண்ணனுக்காக எழுதியது சின்ன விஷயம். அவருடைய ஃபோல்டரைத் திறந்து, ஒவ்வொரு கோப்பும் எந்த வகை என்று பார்த்து, அந்த வகைக்கு உரிய ஐகானைக் கணினியிடமே கேட்டு வாங்கி, உள்ளங்கை அகலத்துக்குத் திரையில் வரிசையாக நிறுத்தும். சத்தம் என்றால் ஆரஞ்சு வட்டத்துக்குள் மூன்று அலை. வீடியோ என்றால் நீலத்தில் ஒரு ஃபிலிம் துண்டு. வேலைக்கோப்பு என்றால் பச்சையில் ஒரு நூல்கண்டு. பெயர் கீழே பொடியாக இருக்கும், மற்றவர்களுக்காக. ஆரஞ்சைத் தொட்டால் சத்தம் கேட்கும், கேட்டால் எது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

முதல் நாள் ஐகான்கள் கடுகளவுக்குத்தான் வந்தன. பெரிதாகக் கேட்டால் ஓரமெல்லாம் கறுப்பு அப்பிக்கொண்டு வந்தது. அடுப்பில் வைத்து எடுத்தாயா என்று அண்ணன் கேட்டார். அதையும் சரிசெய்து கொடுத்த பிறகு அவர் அதற்குப் பொம்மைப் பெட்டி என்று பெயர் வைத்தார். பொம்மைப் பெட்டியால்தான் வேலை திரும்பி வந்தது. இப்போது கையில் இருக்கும் படத்துக்கு நாய் ஓடும் சத்தத்தை இன்று மதியத்துக்குள் ஸ்டூடியோவுக்கு அனுப்ப வேண்டும்.

தங்கை போய்ச் சேர்ந்தபோது அண்ணன் சட்டை மாற்றி, செருப்பையும் போட்டுக்கொண்டு, கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். டாக்டரிடம் அண்ணி பேசியாகிவிட்டது. சிரிக்கச் சொன்னாராம், சிரித்தார். கையைத் தூக்கச் சொன்னாராம், தூக்கினார். சரி, எதற்கும் கூட்டி வந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். அண்ணியின் தம்பி காரை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

அண்ணி தங்கையைப் பின்னறைக்குக் கூட்டிப்போய்த் திரையைக் காட்டினாள். தானே சோதித்துப் பார்த்ததாகச் சொன்னாள். நாய் ஓட்டம் ஒன்று, நாய் ஓட்டம் இரண்டு, கதவு, மழை, கடைசிக் காட்சி என்று விரல் வைத்து, இது சத்தமா வீடியோவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறாள். ஒன்றையும் அவரால் சொல்ல முடியவில்லை. பச்சையை மட்டும் வேலைக்கோப்பு என்று சரியாகச் சொன்னார்.

"எல்லாம் அப்படியேதான் இருக்கும்மா. நானும் பாத்துட்டேன். அவருக்குத்தான் தெரியல."

தங்கையும் குனிந்து பார்த்தாள். நாய் ஓட்டம் ஒன்று, நாய் ஓட்டம் இரண்டு, கதவு, மழை, கடைசிக் காட்சி. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அவள் எழுதிய நிரலில் ஒரு குறையும் தெரியவில்லை. கூடத்துக்கு வந்து அண்ணன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. தன் விரல்நுனிகளைப் பார்த்தபடி சொன்னார்.

"எழுத்து போச்சு, போனா போகுதுன்னு இருந்தேன். படமும் போயிடுச்சுன்னா அப்புறம் எனக்கு என்ன மிச்சம் இருக்கு, சொல்லு."

தங்கை ஏதாவது செய்ய வேண்டுமே என்றுதான் மேஜை மேல் கிடந்த மருந்துக்கடைப் பையைக் கிழித்து, பேனாவோடு அவர் மடியில் வைத்தாள். சத்தத்துக்கு ஒரு பொம்மை இருக்குமே, அது எப்படி இருக்கும், வரைந்து காட்டு என்றாள். அதெல்லாம் எதற்கு, நேரமாகிறது என்றாள் அண்ணி. அண்ணன் பேனாவை எடுத்தார். வட்டம் ஒன்று போட்டார். உள்ளே மூன்று அலை, நடு அலை மற்ற இரண்டையும் விடக் கொஞ்சம் உயரம். பக்கத்தில், ஆரஞ்சு என்று தெளிவாக எழுதினார். எழுதியதை அவரால் படிக்க முடியாது. ஆனால் வட்டம் வட்டமாகவே இருந்தது.

தங்கை அந்தக் காகிதத்தோடு பின்னறைக்குப் போனாள். திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, முதல் முறையாகப் பெயர்களை விட்டுவிட்டுப் படங்களைப் பார்த்தாள்.

ஆரஞ்சு இல்லை. திரையில் எங்குமே ஆரஞ்சு இல்லை. நீலமும் இல்லை. நாய்க்கும் கதவுக்கும் மழைக்கும் கடைசிக் காட்சிக்கும் ஒரே பொம்மைதான். ஊதா நிறச் சதுரத்துக்குள் வெள்ளையாக ஒரு முக்கோணம். நூல்கண்டு மட்டும் பச்சையாக மூலையில் இருந்தது.

அவள் அண்ணனுடைய ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, இங்க வாங்க. இதுல ஆரஞ்சு எங்க இருக்கு?"

அண்ணி வந்தாள், பார்த்தாள். நாய் ஓட்டம் ஒன்று, நாய் ஓட்டம் இரண்டு என்று படிக்க ஆரம்பித்தாள். படிக்காதீர்கள், பாருங்கள் என்று தங்கை கெஞ்சினாள். அண்ணி கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அட, எல்லாம் ஒண்ணாத்தானே இருக்கு" என்றாள்.

படிக்கத் தெரிந்த இரண்டு பேர் அந்தத் திரையின் முன்னால் நின்றிருக்கிறார்கள், இருவர் கண்ணும் நேராகப் பெயருக்குப் போய்விட்டது. வீட்டில் பொம்மையைப் பார்க்கிறவர் ஒரே ஒருவர். அவர் பார்த்ததை அப்படியே சொன்னார். அதை யாரும் நம்பவில்லை, அவரும் சேர்த்து.

வாசலில் கார் ஹாரன் கேட்டது. அண்ணியின் தம்பியை எல்லோரும் டைரக்டர் என்றுதான் சொல்வார்கள். சினிமா எடுப்பவர் இல்லை, சோபா விற்பவர். யார் வீட்டுக்குப் போனாலும் இந்த நாற்காலியை அங்கே போடு, அந்த மேஜையை இங்கே இழு என்று சொல்வார். அவர் வந்துபோன வீட்டில் ஏதாவது ஒன்று இடம் மாறியிருக்கும். போன ஞாயிற்றுக்கிழமையும் வந்திருந்தார். தங்கை அவரைச் செருப்பைக் கழற்றவிடாமல் வழி மறித்தாள்.

"டைரக்டர் சார், ஞாயித்துக்கெழமை இந்த கம்ப்யூட்டர்ல கை வச்சீங்களா?"

"நானா? நான் எதையும் தொடல. கடை புதுசு பண்ண வீடியோவ மாமாவுக்குக் காட்டலாம்னு பாத்தேன், தெறக்கல. ஒரு ப்ளேயர் எறக்கினேன். அவ்வளவுதான்."

"அது எதாவது கேட்டுச்சா?"

"ஏதோ கேட்டுச்சு. சத்தம், வீடியோ எல்லாத்தையும் இனிமே நானே தெறக்கட்டுமான்னு. நல்ல மரியாதையான ப்ளேயரா இருக்கேன்னு சரின்னுட்டேன்."

தங்கை சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பொம்மைப் பெட்டி ஒவ்வொரு முறை திறக்கும்போதும், இந்த வகைக் கோப்புக்கு என்ன ஐகான் என்று கணினியைக் கேட்கும். கணினி, இப்போது இந்த வகையைத் திறக்கும் பொறுப்பு எந்த மென்பொருளிடம் இருக்கிறது என்று பார்த்து, அதனுடைய படத்தை எடுத்துக் கொடுக்கும். ஞாயிற்றுக்கிழமை பொறுப்பு அந்த ப்ளேயருக்குக் கைமாறிவிட்டது. அன்றைக்கே அணைத்து வைத்த கணினியை அண்ணன் இன்று காலையில்தான் மறுபடி போட்டார். பெட்டி கேட்டது, கணினி புது முதலாளியின் படத்தைக் கொடுத்தது. யாரும் பொய் சொல்லவில்லை.

அண்ணனிடம் அவள் இவ்வளவையும் சொல்லவில்லை. மருந்துக்கடைக் காகிதத்தைக் காட்டினாள்.

"நீ வரைஞ்சதுதான் சரி. பெட்டியிலதான் பொம்மை மாறிப்போச்சு. உன் தலையில இல்ல."

அவர் நம்பவில்லை. எழுந்து பின்னறைக்குப் போய்த் தானே பார்த்தார். காகிதத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரும்பி, வாசலில் இன்னும் ஒற்றைச் செருப்போடு நின்றிருந்த டைரக்டரைக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ள, உன் கடையில சோபா எதாவது பாக்கி இருந்தா சொல்லு. நான் வந்து எல்லாத்துக்கும் ஒரே உறை போட்டுட்டு வர்றேன்."

அண்ணி அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே தம்பியின் முதுகில் ஓர் அடி வைத்தாள். அப்புறம் இன்னொன்று.

இருந்தாலும் டாக்டரிடம் போகத்தான் வேண்டும் என்றாள் அண்ணி. கிளம்பியாயிற்று, காரும் வந்துவிட்டது, அவள் வயிறு குளிர வேண்டாமா. டைரக்டர் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினார். அது அவர் வாழ்க்கையில் நடந்திராத விஷயம். டாக்டர் ஒரு கட்டுப் படங்களை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினாராம். குடை, கத்தரிக்கோல், சாவி, ஒட்டகம். அண்ணன் ஒட்டகத்தைப் பார்த்ததும் அது எப்படி மெல்லும் என்று வாயாலேயே செய்து காட்ட, வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்களாம். ஒன்றும் இல்லை, போய் வேலையைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அவர்கள் திரும்பி வருவதற்குள் தங்கை நிரலை மாற்றியிருந்தாள். அண்ணன் சத்தம் சேர்க்கும் மென்பொருள் கணினியிலேயே இருந்தது. பொறுப்புதான் கைமாறியிருந்ததே தவிர, அதன் ஆரஞ்சு, நீலப் படங்கள் அதற்குள்ளேயே பத்திரமாக இருந்தன. இனி கணினியைக் கேட்காமல் நேராக அந்த மென்பொருளிடமே கேட்டு, வாங்கிய படத்தைப் பெட்டிக்குள்ளேயே ஒரு பிரதி வைத்துக்கொள்ளும்படி எழுதினாள். யார் வந்து எதற்குச் சரி சொன்னாலும் நாய் நாயாகவே இருக்கும்.

அண்ணன் செருப்போடே பின்னறைக்குள் வந்தார். திரை முழுக்க ஆரஞ்சு. நடுவில் ஒரே ஒரு நீலம். மூலையில் பச்சை நூல்கண்டு. அவர் பக்கத்தில் போகவில்லை, கதவுக்கருகிலேயே நின்றார்.

"வந்துட்டாங்க" என்றார் மெதுவாக.

பிறகு உட்கார்ந்து ஓர் ஆரஞ்சைத் தொட்டார். கதவு கிறீச்சிட்டது. அடுத்ததைத் தொட்டார். நாய் ஓடிவந்தது, அறையை ஒரு சுற்றுச் சுற்றி, எங்கோ தூரத்தில் போய் நின்றது. அவர் அதை ஸ்டூடியோவுக்கு அனுப்பினார்.

அண்ணி அடுக்களையில் கேஸைப் பற்றவைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். தங்கை பக்கத்தில் மேடையில் சாய்ந்திருந்தாள். டைரக்டர், இந்த அடுப்பைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் தள்ளினால் காற்று வரும் என்று சொல்ல வாயெடுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். பின்னறையில் போன் அடித்தது. ஸ்டூடியோக்காரர்தான். நாய் கொஞ்சம் குண்டாகக் கேட்கிறது, படத்தில் இருப்பது ஒல்லி நாய் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அண்ணனின் குரல் சுவர்க் கம்பளியையெல்லாம் தாண்டிக்கொண்டு அடுக்களை வரைக்கும் வந்தது.

"ஒல்லியா? அந்த நாய நீங்க பாத்தீங்களா, நான் பாத்தேனா? வயித்தப் பாருங்க சார், ரெண்டு வேளை சாப்பிடுற வயிறு அது. நான் நல்லாப் பாத்துட்டுத்தான் தட்டினேன்."

அண்ணி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் நிம்மதியாக உட்காரவே இல்லை.

"சண்ட போடுறாரு" என்றாள் தங்கையிடம். "கொஞ்ச நேரம் போடட்டும்."