ஜூன் வரைக்கும் ஒரு தவணை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அன்றைக்கு அந்த வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எங்கள் ஊருக்குப் பைப் வந்திருக்காது.

பல்லேபொலைக்கு அப்பால் மேட்டில் இருக்கிறது எங்கள் ஊர். குடிக்க, குளிக்க, தொழுகைக்கு முன் ஒளு செய்ய, எல்லாவற்றுக்கும் பள்ளத்தில் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிதான். எழுபத்தொரு படி. வெறுங்கையோடு இறங்கிவிடலாம், குடத்தோடு ஏற வேண்டுமே! போன வருஷ மழையில் என் மகள் மஸீனா அந்தப் படியில் சறுக்கி விழுந்தாள். அப்போது அவளுக்கு வயிற்றில் ஆறு மாதம். பிள்ளை தங்கவில்லை. இப்போது, 1968 டிசம்பரில், மறுபடியும் ஏழு மாதம். அவள் குடத்தையும் நான்தான் தூக்கினேன். ஆனால் நான் அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் குடத்தை எடுத்துவிடுவாள். "உம்மா, உங்களுக்கு முழங்கால் வலி" என்பாள். அவளைப் படியில் கண்டால் ஓடிப்போய்க் குடத்தைப் பிடுங்குவேன்.

மேல் ஊற்றிலிருந்து ஊர் வரைக்கும் பைப் போடும் கொந்தராத்து, மாத்தளை டவுன் புஹாரி முதலாளிக்குக் கிடைத்திருந்தது. வேலையை முடிக்க முதல் தவணை மார்ச். பிறகு ஜூலை. பிறகு டிசம்பர் முப்பத்தொன்று. ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு கடிதம் எழுதுவார், தவணை நீளும். ஒரு கடிதத்தில் மழை, அடுத்ததில் சிமெந்துத் தட்டுப்பாடு. நாங்களும் பெரிய மனுஷர் சொன்னால் சரியாக இருக்கும் என்று பேசாமல் இருந்தோம்.

நோன்பு இருபது கழிந்திருந்தது. கஞ்சிக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தேன். எஞ்சினியர் கந்தோரில் பியோன் வேலை பார்க்கும் என் தம்பி ஸக்கரியா வந்தான். அக்காவைத் தாத்தா என்பதுதான் எங்கள் வழக்கம்.

"தாத்தா, இன்னொரு கடிதம் வந்திருக்கு. ஜூன் வரைக்கும் தவணை கேக்குறார்."

"இந்தத் தடவை என்ன? மழையா?"

"இல்ல. வேலையாள் எல்லாரும் நோன்பாம். பசியில ஒருத்தரும் வேலைக்கு வரல்லையாம். குழி வெட்டாமக் கிடக்காம்."

இஞ்சிக் கல் என் கையிலிருந்து விழுந்தது. விடியுமுன் சஹர் சாப்பிட்ட வயிற்றோடு, விடிந்ததும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், மத்தியானம் லுஹருக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் வெட்டினார்கள் எங்கள் ஆட்கள். குழி முந்தாநாளே முடிந்துவிட்டது. இல்லாமல் இருந்தது பைப் மட்டும்தான். கடைசி இருபத்துநான்கு பைப்பையும் ஒக்டோபரிலேயே முதலாளி லொறியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். பலாபத்வலையில் அவர் கட்டுகிற புது அரிசி மில்லுக்குள் அவை கிடப்பதை, வேலையாட்களுக்குத் தலைவரான சாலிஹ் நானா கண்ணால் கண்டவர். பொய் சொல்வதற்கு வேறு எதுவும் கிடைக்கவில்லையா இந்த மனுஷருக்கு? தொப்பி போட்ட தலையோடு நோன்பின் மேல் பழி போட எப்படி மனம் வந்தது? எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் கஞ்சியில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

குழி முடிந்ததையும் பைப் போன இடத்தையும் சொல்லி, சாலிஹ் நானாவைக் கொண்டு ஒரு மனு எழுதினோம். ஊர்ப் பெண்கள் எல்லாரும் பெருவிரல் வைத்தோம். ஸக்கரியா அதைக் கடிதக் கட்டுக்கு மேலே வைத்தான்.

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் எஞ்சினியர் தர்மராஜா விசாரணைக்கு வந்தார். யாழ்ப்பாணத்து மனுஷர், சிரிக்கத் தெரியாத முகம். பள்ளிக்கூட மண்டபத்தில் மேசை போட்டோம். புஹாரி முதலாளி காரில் வந்து இறங்கினார். கையில் ஒரு தட்டு நிறைய மஸ்கட் இனிப்பு. எல்லாருக்கும் நீட்டினார். ஒருவரும் தொடவில்லை. எறும்புதான் சாப்பிட்டது.

எஞ்சினியர் கடிதத்தை வாசித்தார். "வேலையாட்கள் பதினொரு பேரும் நோன்பு எண்டு எழுதி, பெயர்களும் குடுத்திருக்கிறியள். சரி. சாலிஹ், ஜவாஹிர், கலந்தர்..." விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார். "வேலம்மா எண்டது ஆர்?"

முதலாளியின் கிளாக்கர் வேலையாள் பேர் எழுதும் செக்ரோலைப் பார்த்து அப்படியே பதினொரு பெயரையும் கொப்பி பண்ணியிருக்கிறான். முதலாளி ஒரு நாளாவது குழிப் பக்கம் வந்திருந்தால் அல்லவா, மண் சுமக்கிறவள் யார் என்று தெரிந்திருக்கும்!

கடைசி வாங்குப் பலகைக்குப் பின்னாலிருந்து வேலம்மா எழும்பினாள். நெற்றியில் திருநீறு, காலில் காய்ந்த மண். ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் குடியிருக்கிறவள்.

"நான்தாங்க ஐயா."

"நீர் நோன்பு பிடிச்சனீரோ?"

பெண்கள் பக்கத்தில் சிரிப்பு வெடித்தது. வேலம்மா சிரிக்கவில்லை.

"எனக்கு நோன்பு கெடையாதுங்க. ஆனா பத்துப் பேரு பச்சத்தண்ணி பல்லுல படாம மண்ணு வெட்டுறப்ப, நான் மட்டும் எப்படிங்க ரொட்டியப் பிரிச்சு வெச்சுத் திங்கிறது? முப்பது நாளும் அந்திக்கு அவங்களோடதான் கஞ்சி குடிச்சேன். அதுக்குப் பேரு என்னான்னு எனக்குத் தெரியாது. ஆனா குழி முடியுற வரைக்கும் ஒரு நாளுகூட வேலைக்கு வராம இருக்கல. குழி அங்கதான் இருக்கு. எறங்கிப் பாருங்க. ஒங்க இடுப்புக்கு மேல வரும்."

எஞ்சினியர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். குழியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் நடந்து பார்த்தார். ஓரிடத்தில் இறங்கியும் பார்த்தார். இடுப்புக்கு மேலேதான் வந்தது. திரும்பி வந்தபோது அவருடைய வெள்ளைக் காற்சட்டை முழுக்கச் செம்மண்.

முதலாளி விட்டுவிடுகிற ஆளா? "கிளாக்கர் விட்ட பிழை, சேர். அதுக்காக வேலையை நிப்பாட்ட ஏலுமா? ஜூன் வேணாம். மார்ச் வரைக்கும் தாங்க, போதும்."

எஞ்சினியர் எங்களைப் பார்த்தார். "கொந்தராத்தை நான் ரத்துச் செய்தால் திரும்ப டெண்டர் கூப்பிட வேணும். அது ஒரு வருஷம் இழுபடும். மூண்டு மாதந்தானே. பொறுக்க மாட்டியளோ?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தலையாட்டத் தொடங்கிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மஸீனாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"பொறுக்கிறோம் ஐயா. ஆனா எங்களுக்கும் ஒரு தவணை வேணும். என் மகளுக்குப் பெப்ரவரியில புள்ள பொறக்கும். போன புள்ளையை அந்தப் படியிலதான் பறிகுடுத்தோம். இந்தப் புள்ளையை மார்ச் வரைக்கும் வயித்துக்குள்ளயே இருக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் குடுங்க. கந்தோர் சீலும் குத்திக் குடுங்க. அப்ப முதலாளிக்கு நீங்க எத்தனை மாசம் வேணும்னாலும் குடுங்க, நான் வாயே தொறக்க மாட்டேன்."

மஸீனா தலையை நிமிர்த்தி எஞ்சினியரை நேராகப் பார்த்தாள். கீழே பார்த்தது அவர்தான். பேனையை எடுத்து, கடிதத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"முப்பத்தோராந் திகதி. அதுக்குப் பிறகு ஒரு நாளும் இல்லை. அரசாங்கத்துப் பைப் இருபத்துநாலும் எங்க, முதலாளி?"

முதலாளிக்கு வியர்த்தது. "மில்லில பத்திரமா வச்சிருக்கேன் சேர். லொறி பழுது. புது வருஷம் பொறந்த கையோட..."

"லொறி எதுக்கு?" என்றார் சாலிஹ் நானா. "எங்களுக்குத் தோள் இருக்கு."

மறுநாள் காலையில் ஊரே பலாபத்வலைக்கு இறங்கியது. மில் வாசலில் காவல்காரன் துண்டுச் சீட்டு கேட்டான். எஞ்சினியர் கைப்பட எழுதிய துண்டைச் சாலிஹ் நானா நீட்டினார். பைப் ஒன்றுக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். ஆண்கள் போதவில்லை, நானும் வேலம்மாவும் ஒன்றைத் தூக்கினோம். யாழ்ப்பாணம் போகும் பஸ்கள் நின்று வழிவிட்டன. கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். எதிரே காரில் வந்த புஹாரி முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். தோள் தோலுரிந்து எரிந்தது. ஆனாலும் நாங்கள் ஓரம் ஒதுங்கவில்லை. நடு றோட்டில்தான் நடந்தோம்.

முப்பத்தோராம் திகதி பின்னேரம் நாலு மணிக்குக் குழாயில் முதலில் காற்று வந்தது, பிறகு சேறு வந்தது, பிறகு தண்ணீர் வந்தது. வேலம்மா முகம் கழுவினாள். சாலிஹ் நானா அங்கேயே ஒளு செய்து அசர் தொழுதார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

பெப்ரவரி ஒன்பதாம் திகதி மஸீனாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டத் தண்ணீருக்காக ஒருவரும் படி இறங்கவில்லை.