மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

…டேப்பின் நுனியை அவர் கையிலா கொடுக்க வேண்டும், வாட்ச்மேன் சும்மாதானே நிற்கிறார், ஆனால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வல்லிநாயகம், “நீங்கதான சார் புகையிலை ஒழிப்புக் குழு, கேட்டுத் தூணோட சேத்து அமுக்கிப் பிடிங்க” என்று சொல்லிவிட்டு டேப்பின் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய்விட்டார், சரித்திர வாத்தியார் ஏசுவடியான் பள்ளிக்கூட வாசலில் சாரலில் நனைந்துகொண்டு நிற்கிறார், டேப் குற்றாலம் ரோட்டோரமாக நீண்டுகொண்டே போகிறது, மாடத்தியின் பெட்டிக்கடையைப் பார்த்து… அளக்க என்ன இருக்கிறது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் அவர் கால் நடந்த தூரம்தானே, புகையிலை விற்கக் கூடாத நூறு கஜத்துக்கு ரோட்டின் குறுக்கே மஞ்சள் கோடு போட ஆளைக் கூட்டிவந்தவரும் அவர்தான், அன்றைக்கே தெரியும், கடை கோட்டுக்கு உள்ளேதான் இருக்கிறது. தெரிந்துதானே புகார் நம்பருக்குப் போன் பண்ணினார்? பெயரைக் கேட்டார்கள். பொதுஜனம் என்றார். எதிர்முனையில் இருந்த பெண்பிள்ளை, சரிங்க சார் என்றாள், அவளுக்கு எப்படித் தெரிந்தது சார் என்று… குரலிலேயே வாத்தியார் தெரிந்துவிடுமோ?

நேற்று மத்தியானமும் போகவில்லை, காலையிலிருந்து ஏலக்காயாக மென்று மென்று நாக்கு மரத்துப்போய்விட்டது, ஏலக்காயும் சூயிங்கமும் ஜெபமும் எல்லாம் பார்த்தாகிவிட்டது, லெந்து நாள் நாற்பதும் நோன்பாக விட்டிருந்தார், ஈஸ்டர் அன்று ஆராதனை முடிந்து மனைவி ஜெனியை வீட்டில் இறக்கிவிட்டவர் நேரே வந்து நின்ற இடம் இந்தக் கடை. ஜெனிக்குத் தெரியாது. சாக்பீஸ் தூசி இருமல் என்று கஷாயம் வைத்துக் கொடுக்கிறாள். கடை அங்கே இருப்பதுதான் கோளாறு, கடை இல்லையென்றால் கால் எங்கே போகும்? அப்படித்தான் கணக்குப் போட்டார், தன்னால் ஆகாததைச் சர்க்கார் செய்துவிட்டுப் போகட்டும், சட்டம் எதற்கு இருக்கிறது… மாடத்தி அவரிடம் என்ன வேணும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. தலையைக் கண்டதும் அவள் கை போய்விடும், அட்டைமேல் இருக்கிற அழுகின வாய்ப் படம் தெரியாதபடி ஒன்றை உருவி உள்ளங்கைக்குள் மறைத்துக் கொடுப்பாள், கடைக்குப் பின்னால் படுதா மறைவில் அவர் நிற்கும்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாராவது வந்தால் முன்னாலிருந்து செருமுவாள். அது ஒரு ஒப்பந்தம். யாரும் பேசிச் செய்யாத ஒப்பந்தம்.

“கோட்டுக்குள்ளதான் இருக்கு” என்று வல்லிநாயகம் கத்தினார். ஏசுவடியான் டேப்பை விட்டார், அது பாம்பு மாதிரி ஈர ரோட்டில் ஓடியது. தலைமையாசிரியர் குடையோடு முன்னால் போக அவரும் போக வேண்டியதாயிற்று. பெட்டிகளை எடுத்து மேசைமேல் அடுக்கியிருந்தார்கள், சிகரெட்டும் பீடியும்தான், தடை செய்த பாக்கு ஒன்றும் இல்லை, அபராதம் எழுதிக்கொண்டிருந்தார்கள், அருவிக்குப் போகிற வேன்கள் மெதுவாகி வேடிக்கை பார்த்துவிட்டுப் போயின. மாடத்தி அழவில்லை. பக்கத்து டீக்கடையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். “ஏலே சொரிமுத்து, ஒன் வேலதானலே இது? ஏங் கடைக்கு நாலு பேரு வாரது ஒனக்குப் பொறுக்கலையோ? நீ நல்லாருப்பியா?” சொரிமுத்து பாய்லரை விட்டு இறங்கி வந்தான். “எக்கா, எம்புள்ள மேல சத்தியமா நான் இல்ல… நானே அங்கன வந்துதான பீடி வாங்குதேன்!” அவள் கேட்கவில்லை. சொரிமுத்துவின் முகம் வெளுத்துவிட்டது, அந்த முகத்தை ஏன் பார்த்தோம், வேறெங்காவது பார்த்திருக்கலாம்… ஒரு வார்த்தை, நான்தான் என்று ஒரே வார்த்தை, வாயில் ஏலக்காய்த் தோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

“சார், நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார்” என்று மாடத்தி அவர் பக்கம் திரும்பினாள். “நம்ம பிள்ளையளுக்கு ஒருநாளாச்சும் குடுத்திருக்கேனா? நீங்க பாத்திருக்கீயளா?” பார்த்திருக்கிறார், அவள் கொடுக்காததைத்தான். ஒங்கப்பனக் கூட்டிட்டு வாலே என்று எத்தனை பேரை விரட்டியிருக்கிறாள், படுதாவுக்குப் பின்னால் நின்று கேட்டுச் சிரித்திருக்கிறார். ஆனால் அதை எங்கே நின்று கேட்டேன் என்று சொல்வது? “சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா, மாடத்தி” என்றார், ஒன்பதாம் வகுப்பில் பேசுகிற குரலில். அவள் வாயைத் திறந்தாள். தலைமையாசிரியர் இருக்கிறார், வல்லிநாயகம் இருக்கிறார், இதோ சொல்லப்போகிறாள், ஒங்களுக்குத் தெரியாத சட்டமா சார் என்று ஆரம்பித்தால் போதும்… அவள் அவரையே பார்த்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, “மழையில நிக்காதீய சார், நெஞ்சுல கட்டிக்கிடும்” என்று சொல்லிவிட்டு மிட்டாய் பாட்டில்களைத் துடைக்கப் போய்விட்டாள். புரிந்துவிட்டதா? புரிந்துதான் அப்படிச் சொன்னாளா? இல்லை, வெறும் இரக்கமா, எது மோசம்…

பள்ளிக்கூடம் விட்டதும் அவர் கால் நேரே நடந்தது, வாழைக்குலை மட்டும் தொங்குகிற கடையைத் தாண்டி, குனிந்து கிளாஸ் கழுவுகிற சொரிமுத்துவைத் தாண்டி, மஞ்சள் கோட்டையும் தாண்டி. கடை இல்லையென்றால் கால் எங்கே போகும் என்று கேட்டீரே, இங்கேதான் ஓய் போகும். தென்காசிப் பக்கம் சிப்ஸ் வறுக்கிற கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லாம் அடுக்கியிருந்தது, புது ஆள், எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, “என்ன சார் வேணும்?” என்றான். ஏசுவடியான் வாயைத் திறந்தார். சிகரெட்டின் பெயர் வரவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதேயில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது, பக்கத்தில் குடும்பத்தோடு நேந்திரங்காய் வாங்குகிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், உலகத்தில் அவர் பிடிப்பார் என்று தெரிந்த ஒரே ஜீவன் மாடத்தி, அப்படியென்றால் அவர் விரட்ட நினைத்தது எதை, சிகரெட்டையா, தன்னை அறிந்த அந்த ஒரு முகத்தையா… “சார்?” என்றான் கடைக்காரன் மறுபடியும். “ஒரு தீப்பெட்டி” என்றார். அவன் கொடுத்தான். அதை வாங்கிக்கொண்டு நகராமல் அங்கேயே நின்றார், பின்னால் வந்தவர் அவரை விலக்கிக்கொண்டு கையை நீட்டும்வரை.