கேப்டன் கட்டிய முடிச்சு

காலை ஒன்பது மணிக்கு, கடல் படகுத்துறைச் சுவரின் விளிம்புவரை ததும்பி நின்ற நேரத்தில், கேப்டன் தன் சின்னப் படகை இரும்பு வளையத்தில் கட்டினார். இறுக்கினார், இன்னொரு சுற்றுச் சுற்றினார், யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பியும் பார்த்தார். கேப்டன் என்பது அவர் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம். முப்பது வருடம் குளியலறை ஓடு விற்ற மனுஷர். ஓய்வுக்குப் பிறகு பதினைந்து நாள் வகுப்புக்குப் போய்விட்டு ஒரு பாய்மரப் படகும் ஒரு வெள்ளைத் தொப்பியும் வாங்கினார். இரண்டில் தொப்பிதான் அவருக்கு ஒழுங்காகப் பொருந்தியது.

பாய்மரப் படகு நங்கூரம் போட்டுத் தூரத்தில் நின்றது. கரைக்கு வர இந்தச் சின்னதுதான். அவர் மனைவி கயிற்றைப் பார்த்தாள். ஒரு முழம்கூடத் தளர்வு இல்லை. மத்தியானத்துக்குள் கடல் இரண்டு ஆள் உயரம் இறங்கும். கயிறு நீளமாக இல்லாவிட்டால் படகு சுவரில் தொங்கும். இதற்கு வகுப்பெல்லாம் வேண்டாம், கண் இருந்தால் போதும்.

இருபத்திரண்டு நாளில் ஏழு ஊர்களில் இறங்கியாயிற்று. ஏழிலும் இதே முடிச்சுதான். அவர் நாலு எட்டு முன்னே நடந்ததும், செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, இவள் அவிழ்த்து நீளமாக விட்டுக் கட்டுவாள். பெரிய படகில் அவர் திறந்துபோட்ட அடுப்பு கேஸை மூடுவதும், சாத்தாத ஜன்னலைச் சாத்துவதும் இவள்தான். அவருக்குத் தெரிந்தால் கௌரவம் போய்விடுமாம். பாழாய்ப்போன கௌரவம்!

இன்று அவள் குனியவில்லை. தோளில் ஒரு பை. அழுக்குத் துணி என்று அவரிடம் சொல்லியிருந்தாள். உள்ளே துவைத்து மடித்த துணிகள். மகளுக்குத் தலைப்பிரசவம், இன்னும் பத்தே நாள். கேட்டால், "காத்து சாதகமா வரட்டும், போயிடலாம்" என்கிறார், பிள்ளையும் காற்றுப் பார்த்துத்தான் பிறக்கும் என்பதுபோல. சாயங்காலம் ஐந்து மணிக்கு இங்கிருந்து பஸ் உண்டு. ஆனால் முப்பத்தோரு வருடக் குடித்தனம். சட்டென்று விட்டுப் போக மனசு வரவில்லை. அதனால் தனக்குள் ஒரு பந்தயம் கட்டிக்கொண்டாள். இன்றைக்குள் அவராக ஒரே ஒரு தடவை அந்தக் கயிற்றை நினைத்துவிட்டால், கூடவே படகில் போவது. இல்லாவிட்டால் பஸ்.

"இதெல்லாம் ஒரு ஊரா? மணிக்கூண்டுகூட ஓடல" என்று ஆரம்பித்தார் கேப்டன். தெரு குறுகலாம், வீடுகளுக்குப் பெயின்ட் சரியில்லையாம், தபால் ஆபீஸ் தீப்பெட்டி அளவாம். ஒற்றை அறை அருங்காட்சியகத்தில் பழைய நங்கூரம் ஒன்று கிடந்தது. "இதெல்லாம் சும்மா அலங்காரத்துக்குச் செஞ்சதும்மா, கடல்ல நிக்காது" என்று காவல்காரப் பெண்மணிக்குப் பாடம் எடுத்தார்.

"எங்கப்பா போன கப்பலோடது சார். நாப்பது வருஷம் நின்னுச்சு" என்றாள் அவள், சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே.

மனைவிக்கு உடம்பே கூசியது.

டீக்கடையிலிருந்து கடல் தெரிந்தது. துறைச் சுவரில் ஈரப் பாசி ஆள் உயரத்துக்கு வெளியே வந்திருந்தது. "தண்ணி ரொம்ப இறங்கிடுச்சு போலிருக்கேங்க" என்றாள். பந்தயத்தில் அவருக்கு இவ்வளவு சலுகையா என்று தன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

"கடல்னா இறங்கத்தான் செய்யும்" என்றவர், டீக்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "இருபத்திரண்டு நாள், ஏழு ஊரு. ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு சொல்லுங்க பாப்போம்!"

டீக்கடைக்காரர் பாவம், கண்ணாடி தம்ளரைக் கழுவினார்.

நாலரை மணிக்குத் துறைக்குத் திரும்பினால், அங்கே நாலைந்து பேர் சுவரோரம் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சின்னப் படகு ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி செங்குத்தாகத் தொங்கியது. துடுப்புகள் இரண்டும் கீழே சேற்றில் குத்திட்டு நின்றன.

கேப்டன் தொப்பியைக் கழற்றினார். வழுக்கை வேர்த்திருந்தது. திடீரென்று வயதான, யாருமில்லாத மனுஷராகத் தெரிந்தார். சே, ஒரு கயிறுதானே, இதற்குப் போயா முப்பத்தோரு வருடத்தைப் பணயம் வைத்தோம் என்று பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.

அவர் பக்கத்தில் வந்து, பல்லைக் கடித்தபடி கேட்டார்: "ஏன் இன்னைக்கு அவுத்து விடல?"

"என்னது?"

"எப்பவும் நீதானே பின்னாடி குனிஞ்சு நீளமா விடுவே? அந்த நம்பிக்கையிலதானே நான் வந்தேன்? இப்படி நாலு பேர் முன்னாடி என்னை நிக்க வெச்சுட்டியே!"

ஆக, தெரியும். ஏழு ஊரிலும் தெரியும். டீக்கடையில் மார்தட்டியபோதும் தெரியும். அவர் கௌரவத்தை இவள் ஒளித்து ஒளித்துக் காப்பாற்ற, அவர் அதைத் தெரிந்துகொண்டே தின்று ஏப்பம் விட்டிருக்கிறார். முட்டாள் என்று நினைத்தவரைக்கும் பரிதாபமாவது இருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"பஸ்ஸுக்கு. பொண்ணுகிட்டப் போறேன்."

"அப்ப படகு?"

"ராத்திரி ஒன்பது மணிக்குத் தண்ணி ஏறும், அதுவா மிதக்கும். கேப்டன்தானே, காத்திருங்க."

அவள் தெருமுனைவரை போய்விட்டாள். பின்னாலிருந்து அவர் குரல் பதறிக்கொண்டு வந்தது. "ஏய்! காலையில கிளம்பறப்ப பெரிய படகுல கேஸை மூடினியா?"

மூடித்தான் இருந்தாள். ஆனால் அவள் திரும்பவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை.