மூன்றாவது ஒப்புதல்

எங்கள் குடும்பத்துப் பெயர் தாங்கி அச்சேறிய எந்தக் கட்டுரையிலும் இதுவரை யாருக்கும் விரல் நீட்ட ஒரு வரி கிடைத்ததில்லை. அப்பா கடல் ஆய்வு நிலையத்தில் இருந்தார். அவருக்குப் பின் நான் அதே நிலையத்தில் சேர்ந்து, தலைவியாக ஓய்வு பெற்றேன். இப்போது தம்பி மகள் அங்கே இருக்கிறாள். நடுவில் தம்பியும் இருந்தான். அதை நாங்கள் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

அன்று பிற்பகல் தம்பி மகள் மடிக்கணினியோடு என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர வேறு ஆள் கிடையாது. யாருக்காகச் சாத்துகிறாள் என்று முதலில் விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது, நான் எழுந்து போய்விடக் கூடாதென்று சாத்தியிருக்கிறாள்.

"அத்தை, கட்டுரைக்கு வேண்டிய எல்லாத்தையும் ஆய்விதழ் தளத்துல ஏத்திட்டேன். படம், அட்டவணை, இதழாசிரியருக்குக் கடிதம், எல்லாம் போயாச்சு. ஒரே ஒரு பக்கம்தான் பாக்கி."

"அப்ப முடிச்சிட வேண்டியதுதானே. அதுக்கு ஏன் மூஞ்சியை இப்படி வெச்சிருக்க?"

"அந்தப் பக்கத்துல அப்பா இருக்காரு."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அழுக்கு ஒன்றும் இல்லை.

கட்டுரை சிப்பிகளைப் பற்றியது. துறைமுகச் சுவரிலிருந்து கயிறு கட்டித் தட்டுகளைக் கடலுக்குள் தொங்கவிட்டு, அவற்றில் எத்தனை சிப்பிக் குஞ்சுகள் வந்து ஒட்டுகின்றன என்று மாதந்தோறும் எடுத்து எண்ணுவது எங்கள் வேலை. தொடக்கத்தில் தம்பி எண்ணினான், படமும் எடுத்தான். பிறகு நான். இப்போது இவள். துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய பிறகு குஞ்சுகள் குறைந்தன என்பது ஊரறிந்தது. ஆனால் தோண்டுவதற்கு முன்பே, நீர் சூடாகத் தொடங்கியபோதே, குறைய ஆரம்பித்துவிட்டன என்று இவள் கண்டுபிடித்திருக்கிறாள். எனக்கு அது உவப்பான முடிவல்ல. மூன்று முறை கணக்கைச் சரிபார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. ஒப்புக்கொண்டேன். அந்தப் பழைய தட்டுகளும் படங்களும் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை. அவை தம்பியுடையவை.

தோண்டும் வேலை தொடங்கும் முன் அவன் நிலையத்தை விட்டுவிட்டுத் துறைமுக நிறுவனத்துக்கே ஆலோசகனாகப் போனான். தோண்டினால் பெரிய கேடில்லை என்று அறிக்கை எழுதிக் கொடுத்தான். மனைவியை இழந்தவன், பெண் என்னிடம்தான் வளர்ந்தாள். அன்றிலிருந்து அவன் இந்த வாசல்படி மிதிக்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. அவள் வெளியில் போய் அவனைப் பார்த்துவிட்டு வருவாள். நான் தடுத்ததுமில்லை, கேட்டதுமில்லை. உறவில் யாராவது விசாரித்தால் தண்ணீர் சம்பந்தமாக எங்கேயோ வேலை என்று சொல்லிவைப்பேன்.

"இங்க பாருங்க," என்று திரையை என் பக்கம் திருப்பினாள். நலன் முரண் என்பது தலைப்பு. இந்த ஆய்வின் முடிவால் ஆதாயமோ பாதகமோ அடையக்கூடிய தொடர்பு கட்டுரை ஆசிரியர்களில் எவருக்காவது இருந்தால் வெளிப்படையாக எழுத வேண்டும். அது கட்டுரையின் கடைசியில் அச்சாகும். ஆசிரியர்கள் மூவரும், இவளும் தம்பியும் நானும், தனித்தனியே ஒப்புதல் தர வேண்டும்.

துறைமுகத்திடம் சம்பளம் வாங்கியவன் என்று எங்கள் பெயரோடு அச்சில் வரப்போகிறது. அப்பாவின் கட்டுரைகள் இருக்கும் அதே ஆய்விதழில்.

"அவனை நன்றியில போட்டுடு. கடைசிப் பத்தியில. நல்லா நாலு வார்த்தை எழுதிக்கலாம்."

"தட்டு அவரு தொங்கவிட்டது. குஞ்சு அவரு எண்ணினது. நன்றியில போட்டா அதுக்குப் பேரு திருட்டு அத்தை. என் முதல் கட்டுரைக்கு நீங்கதான் அப்படிச் சொன்னீங்க. எந்த இடத்துல நின்னு சொன்னீங்கன்னுகூட ஞாபகமிருக்கு."

என் வாய் வார்த்தையாலேயே என்னைக் கட்டிப்போட்டாள்.

"அப்ப பேரு இருக்கட்டும். வேலை பார்த்த இடத்தை விட்டுடு. யாரு தேடிப் பார்க்கப் போறாங்க?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் ஆளானது அதுவே முதல் தடவை. நானே தலையசைத்து அதை விட்டுவிட்டேன்.

"அனுப்பலைன்னா?"

"இந்தச் சிறப்பிதழுக்குக் கட்டுரை வாங்குறது இன்னிக்குச் சாயங்காலத்தோட முடியுது. இது போகலைன்னா என் வேலையை நீட்டிக்க மாட்டாங்க. இயக்குநர் வாயாலயே சொல்லிட்டாரு. அப்புறம் நானும் ஏதாவது கம்பெனிக்குத்தான் போகணும்." கொஞ்சம் நிறுத்தி, "துறைமுகத்துலகூட ஆள் எடுக்கிறாங்களாம்," என்றாள்.

"வாயை மூடு."

"சும்மா சொன்னேன் அத்தை."

சும்மா சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

"எழுதித் தொலை. அவன் செஞ்சதை அப்படியே எழுது."

"எழுதிட்டேன். நானும் ஒப்புதல் குடுத்துட்டேன். அவருதான் இன்னும் குடுக்கல. உங்ககிட்டப் பேசணுமாம்."

இதற்குத்தான் கதவைச் சாத்தியிருக்கிறாள். நான் பதில் சொல்வதற்குள் கைப்பேசி ஒலித்து, எடுக்கப்பட்டு, மேசைமேல் என் முன்னால் வைக்கப்பட்டுவிட்டது.

"அக்கா. நல்லா இருக்கியா?" குரல் தடித்திருந்தது. அப்பாவின் கடைசிக் காலக் குரல் போல இருந்தது.

"விஷயத்துக்கு வா."

"வந்துட்டேன். என்னைப் பத்தி எழுதியிருக்கிறது சரி. சம்பளம் வாங்கினேன், இல்லைங்கல. உன் பேருக்கு என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணும் இல்ல. எனக்கு என்ன முரண்?"

"துறைமுகத்து மேல வழக்குப் போட்டது யாரு? எதிர்வீட்டுக்காரரா?"

"அது பொதுக் காரியம். ஒரு பைசா நான் தொட்டதில்ல."

"பைசா தொட்டாத்தான் முரண்னு யாரு சொன்னா? குட்டி, அந்த விதியைப் படி உங்க அத்தைக்கு."

அவள் தயங்கித் தயங்கிப் படித்தாள். பணம் மட்டுமல்ல, வழக்கு, இயக்கப் பொறுப்பு, பொதுவெளியில் எடுத்த நிலைப்பாடு எல்லாம் அதில் இருந்தன.

"ஓ. அப்ப உன்னையும் என்னையும் ஒரே வரிசையில நிறுத்துற."

"நான் நிறுத்தலக்கா. ஆய்விதழ் நிறுத்துது. நீ எழுதாம நான் ஒப்புதல் தர மாட்டேன். ஒண்ணை மறைச்சுட்டுப் போற கட்டுரையில என் பேரு வேண்டாம்."

"நீ இதைப் பேசறியா?"

"நான்தான் பேசறேன். நீ பேசியிருக்கணும்."

தொடர்பைத் துண்டிக்கும்படி சைகை செய்தேன். அவள் துண்டித்தாள்.

அந்த வழக்கைப் பற்றி எந்த மேடையிலும் நான் தலை நிமிர்ந்து சொல்வேன். நீதிமன்றத்தில் நான் பேசியதை இன்றும் சிலர் நினைவு வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே செய்தி, அந்தத் தலைப்பின் கீழ், அவன் வாக்கியத்தை ஒட்டி வருவது என்றால் வேறு. அறைக்குள் இரண்டு தடவை நடந்தேன். அறை சிறியது, திரும்பத் திரும்ப அவள் நாற்காலியில்தான் இடித்துக்கொண்டேன். நிலையத்தில் வேறு யாராவது இப்படி ஒன்றை விட்டுவிட்டு என் மேசைக்கு அனுப்பியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். யோசிக்கவே தேவையில்லை. தாளை முகத்தில் விட்டெறிந்திருப்பேன்.

"எழுந்திரு. நானே அடிக்கிறேன்."

கடலோர மக்களின் வேண்டுகோளுக்கிணங்கி, பொதுநலன் ஒன்றையே கருதி, எவ்வித ஊதியமும் பெறாமல், என்று தொடங்கினேன். அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"அத்தை, அப்பா வாக்கியத்துல 'குடும்பத்தைக் காப்பாத்த வேண்டி'ன்னு போடலையே."

எல்லாவற்றையும் அழித்தேன். துறைமுக ஆழப்படுத்தலுக்கு எதிரான வழக்கில் மனுதாரர் என்பது மட்டும் மிஞ்சியது. என் வாழ்க்கையின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிட்டது. ஆசிரியர் வரிசைப்படி அவனுடையது மேலே, என்னுடையது கீழே.

"மூத்தவ நான்."

"கடைசிப் பேருதான் அத்தை மூத்தவங்க இடம். அதுவும் நீங்க சொன்னதுதான்."

அவன் ஒப்புதல் உடனே வந்துவிட்டது. கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டே காத்திருந்திருப்பான். மூன்றாவது ஒப்புதல் என்னுடையது. மின்னஞ்சலில் வந்த சுட்டியைத் திறந்தேன். மற்ற ஆசிரியர்களின் அறிவிப்புகளைப் படித்து ஏற்கிறேன் என்று ஒரு பொத்தான்.

"படிச்சேன்னு மட்டும் ஒரு பொத்தான் இல்லையா?"

"இல்ல அத்தை."

"ஏற்கிறேன்னு எதுக்கு? படிச்சா போதாதா?"

"மணி ஆகுது அத்தை."

அழுத்தினேன். பெறப்பட்டது என்று ஒரு பக்கம் வந்தது. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு, சந்தடிசாக்கில், திருத்தம் கேட்டு வந்தால் ஒவ்வொரு தடவையும் மூன்று பேரும் மறுபடி ஒப்புதல் தர வேண்டியிருக்கும் என்றாள்.

"எத்தனை தடவை?"

"அவங்களுக்குத் திருப்தியாகிற வரைக்கும்."

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். கதவு தானே சாத்திக்கொண்டது. கூடத்திலிருந்து உடனே அவன் குரல் கேட்டது. ஒலிபெருக்கியில் போட்டிருக்கிறாள். எனக்குத் தாகமாக இருந்தது. தண்ணீர் சமையலறையில், சமையலறைக்கு வழி கூடம்தான். கட்டிலில் உட்கார்ந்து அவர்கள் பேசி முடிக்கக் காத்திருந்தேன். முடிக்கிற வழியாக இல்லை. இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"அக்கா எங்க?"

"ரூம்ல. கூப்பிடவா?"

"வேண்டாம். காது இங்கதான் இருக்கும்."

இருமல் வந்தது, அடக்கிக்கொண்டேன். அவன் பழைய கதை அளக்க ஆரம்பித்தான். முதல் தட்டைக் கட்டிய நாள், அலை, அறுந்துபோன கயிறு. "அப்ப நாங்க கிழக்குச் சுவர்லதான் கட்டினோம்," என்றான்.

அது கிழக்குச் சுவர் இல்லை. அங்கே படகுகள் நிற்கும். ஒரு தட்டுகூடத் தங்காது. இவள் நாளைப் பின்னே எங்காவது மேடையேறி இதைச் சொல்லிவைத்தால்?

"மேற்குச் சுவர்," என்றேன் உள்ளிருந்தே.

"கிழக்குதான்," என்றான் அவன்.

"மேற்கு. கட்டுரையிலயே இருக்கு. நீயே ஒப்புதல் குடுத்திருக்க. படிக்காமயா குடுத்த?"

"என்னக்கா? சரியாக் கேக்கல."

கதவின் இந்தப் பக்கமிருந்து இன்னொரு முறை சொன்னேன். கேட்கவில்லை என்றான். இன்னும் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. கத்திப் பேசுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. எழுந்து கதவைத் திறந்தேன்.