தனி அர்ச்சனை

துபாயில் சம்பளத்துக்கு வருமான வரியே இல்லை என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து என் கணவர் கௌசிகனுக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே வேலை கிடைத்ததும் பறந்துவிட்டார். நியூசிலாந்தில், ஆக்லாந்தின் கிளென்ஃபீல்ட் வீட்டில் நானும் மகள் லக்ஷிகாவும் மிஞ்சினோம். வீட்டுக் கடனான மோர்ட்கேஜை அடைத்துவிட்டு வருகிறேன் என்றார். நானும் நம்பினேன்.

பிறகுதான் யாரோ அவர் காதில் ஓதியிருக்கிறார்கள். ஆக்லாந்தில் அவருக்கென்று ஒரு வீடு இருந்தால் துபாய்ச் சம்பளத்துக்கும் இங்கே வரி கட்ட வேண்டி வருமாம். அன்றிலிருந்து அவரை அந்த வீட்டிலிருந்து துடைத்தெடுப்பதே என் வேலையாகிவிட்டது. வீட்டை என் பெயருக்கு மாற்றினார். தன் உடுப்புகளை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார். செத்தவரின் உடுப்பைத்தான் அப்படி வாரிக் கொடுப்பார்கள். அழுதுகொண்டே கொடுத்தேன். யாராவது கேட்டால் நாங்கள் பிரிந்துவிட்டோம் என்று சொல்ல வேண்டுமாம். லீவில் வந்தாலும் நகரின் மறுகோடி மனுரேவாவில் ஒரு நண்பர் வீட்டில்தான் படுக்கை. எங்களிடம் விருந்தாளி மாதிரி வந்து சாப்பிட்டுப் போவார்.

எல்லாவற்றையும் பொறுத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலில் மூன்று பேருக்கும் அர்ச்சனை செய்தேன் என்று போனில் சொன்னேன். மனிதர் பதறிப்போனார்.

"கோயில்லயும் என்ர பேரைக் குடுக்க வேண்டாம். ஆரும் கேட்டுப்போட்டுப் போய்ச் சொன்னால்?"

வரிக்காரன் முருகன் சந்நிதியில் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பானா? பேராசை பெருநட்டம் என்பார்கள். இவருக்குப் பேராசையோடு பேய்ப்பயமும் சேர்ந்திருந்தது. ஆனாலும் சொன்னபடி செய்தேன். இரண்டு பெயரைச் சொல்லிச் சொல்லி அதுவே வாயில் படிந்துவிட்டது.

இந்த வருடம் துபாய்க் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. கௌசிகன் பெட்டிகளோடு வாசலில் வந்து நின்று, இனி இங்கேதான் என்றார். எவ்வளவு நாள் நிற்பீர்கள் என்று லக்ஷிகா இங்கிலீஷில் கேட்டாள். கட்டிலில் என் பக்கத்தில் அவள் படுத்துப் பழகிவிட்டாள். அவருக்கு ஹோலில் பாய் விரித்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மூவரும் கோயிலுக்குப் போனோம். அவருடைய வேட்டிகளைத்தான் கொடுத்துவிட்டோமே, ஜீன்ஸோடு வந்தார். ஐயர் ஊருக்குப் புதியவர். தட்டை வாங்கிக்கொண்டு பெயர், நட்சத்திரம் கேட்டார். லோஜனா, உத்தரம் என்றேன். லக்ஷிகா, ரேவதி என்றேன். அதோடு நின்றுவிட்டேன். கௌசிகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஐயர் அவரைக் காட்டிக் கேட்டார்.

"இவருக்குத் தனி அர்ச்சனையோ?"

என்ன சொல்லப்போகிறேன் என்று அதுவரை எனக்கே தெரியாது.

"ஓம் ஐயா. அவர் வேற வீடு."