கட்டுபடியாகிற வீடு

"முப்பத்துநாலு லட்சம்தானா? இங்க அந்தக் காசுக்குக் கார் நிறுத்தற எடங்கூடக் கெடைக்காது புள்ள. கண்ணை மூடிட்டு வாங்கு" என்றான் நிலவன் போனில். இலக்கியாவின் அண்ணன் அவன். சென்னையில் வேலை. திருச்செங்கோட்டுக்கு வரும்போதெல்லாம் இங்கே தோசை விற்கும் விலையைக் கேட்டுக்கூட ஆச்சரியப்படுகிறவன்.

"கண்ணைத் தொறந்துக்கிட்டே பாக்கறண்ணா. உனக்குச் சம்பளம் அங்க. எங்களுக்குச் சம்பளம் இங்கல்ல வருது?"

அவன் சிரித்தான். இலக்கியாவும் சிரித்தாள். ஆனால் அந்த வீட்டைப் பார்த்த நாளிலிருந்து அவளுடைய கண் உண்மையிலேயே பாதி மூடித்தான் கிடந்தது.

சங்ககிரி ரோட்டில் புதிதாக மனை பிரித்த இடத்தில் இருந்தது வீடு. சமையலறையில் இரண்டு ஜன்னல்கள். அவர்கள் இப்போது குடியிருக்கும் லைன் வீட்டில் ஜன்னலே ஒன்றுதான். கழிப்பறையை ஐந்து குடும்பங்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. ஐந்து வயது கனிஷ்கா காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வாளியோடு வரிசையில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் இலக்கியாவுக்கு எப்படியாவது ஒரு சொந்த வீடு வேண்டும் என்று தோன்றும்.

வங்கிக்காரர் சொன்ன மாதத் தவணை இருபத்தைந்தாயிரம். அவள் தனியார் பள்ளியில் ஆசிரியை. கணவன் கதிர்வேல் போர்வெல் வண்டிகளுக்கு வேலை பார்க்கும் பட்டறையில் மெக்கானிக். இருவர் சம்பளத்தையும் சேர்த்து அதில் தவணையைக் கழித்தால் மிச்சத்தில் பாலும் பள்ளிக்கூடமும் பெட்ரோலும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. பள்ளியின் ஓய்வறையில் உட்கார்ந்து பலமுறை கூட்டிப் பார்த்தாள். எப்படிக் கூட்டினாலும் கட்டுபடி ஆகவில்லை.

"நீ அந்தக் கூட்டல் கழித்தலை எல்லாம் விடு. நாம்பாத்துக்கறேன்" என்று கதிர்வேல் சொல்லிவிட்டான். எதையும் மூன்று முறை யோசிக்கிற மனிதன் இவ்வளவு சுளுவாகச் சொன்னது அவளுக்குக் கொஞ்சம் வியப்பாக இருந்தது. சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் மறுபடி அந்த வீட்டைப் பார்க்கப் போனார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை நிதானமாகப் பார்த்துவிடலாம் என்று.

கதிர்வேல் அறை அறையாக நடந்து சொல்லிக்கொண்டே வந்தான். "உன் ஸ்கூட்டி இங்க நிக்கட்டும். மழை நனையாது. பாப்பா ஸ்கூல் வேன் அந்த முக்குல வந்து நிக்கும், நீ வாசல்ல இருந்தே பாத்துக்கலாம். உங்கம்மாவக் கூட்டியாந்து இந்த ரூம்ல வெச்சுக்க. ராத்திரி தொணையா இருக்கும். கதவுக்கு உள்ளார இன்னொரு கம்பிக் கதவு போட்டர்றேன்."

பக்கத்து வீட்டுப் பெண் சத்தம் கேட்டு வந்தாள். சித்ரா என்று பேர் சொன்னாள். காபி வேண்டாம் என்றதைக் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் தம்ளர்களோடு திரும்பி வந்தாள்.

"இந்த வீதியப் போல வராதுங்க அக்கா. பயமே கெடையாது. முச்சூடும் பொம்பளைங்க ராஜ்ஜியந்தான்."

"ஏங்க, ஆம்பளைங்களை எல்லாம் தொரத்தி உட்டுட்டீங்களா?" என்றாள் இலக்கியா.

"தொரத்தவே வேண்டாமே. எல்லா ஊட்டு ஆம்பளைங்களும் போர் போடற ரிக் வண்டியிலதான். எங்க ஊட்டுக்காரரு சட்டீஸ்கர்ல. எதிர் ஊட்டுக்காரரு மத்தியப்பிரதேசத்துல. அங்க மழை பிடிச்சு வேலை நின்னாத்தான் வண்டியெல்லாம் ஊருக்கு வரும். அப்பப் பாருங்க, வீதியில நடக்க முடியாது. ஒவ்வொரு வாசல்லயும் ஒரு ஆளு கைலியோட உக்காந்துட்டு, என்ன பண்றதுன்னு தெரியாம நம்மள வேலை வாங்கும். எப்படா வண்டி கெளம்பும்னு இருக்கும் போங்க!"

சொல்லிவிட்டு அவளே வாய்விட்டுச் சிரித்தாள். அதில் குறை எதுவும் இல்லை. அவளுக்கு அது பழகிய வாழ்க்கை. கதிர்வேல் மட்டும் சிரிக்காமல் காபியை ஆற்றிக்கொண்டிருந்தான்.

சித்ரா போன பிறகு இலக்கியா கேட்டாள். "ஏனுங்க, உங்க டூல்ஸ் பெட்டிய எங்க வெக்கறது? அதுக்கு ஒரு எடமுஞ் சொல்லலையே?"

"அது எதுக்கு இங்க? அது வண்டியோட போயிரும்" என்றான் அவன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. தம்ளரைத் தரையில் வைத்தான்.

"எந்த வண்டியோட?"

அவன் வாசல் பக்கம் பார்த்தான். வெளியே கனிஷ்கா வாசற்படியில் தாவித் தாவி இறங்கும் சத்தம் கேட்டது.

"எந்த வண்டியோட மாமா?"

"ரிக் வண்டி வெச்சிருக்கற கொழந்தவேலு அண்ணன் டிரில்லர் வேலைக்கு ஆளு வேணும்னு கேட்டாரு. வாரேன்னு சொல்லீட்டேன். இப்ப வாங்கறதுக்கு ரெட்டிப்புச் சம்பளம். சோறு வண்டியில. எனக்குன்னு ஒரு செலவும் இல்ல. வர்ற வியாழக்கிழமை வண்டி கெளம்புது."

"எங்கிட்ட எப்பச் சொல்றதா இருந்தீங்க? புதங்கிழமையா?"

"கோவிச்சுக்காத புள்ள. சமையக்கட்டப் பாத்துட்டு உன் மூஞ்சி மலந்தத நான் பாத்தேனில்ல? ஒரு அஞ்சு வருசம் ஓட்டீட்டா பாதிக் கடன் அடைஞ்சிரும்."

"அஞ்சு வருசத்துல பாப்பா அஞ்சாவது முடிச்சிருப்பா."

அவன் தலை குனிந்துகொண்டான். கனிஷ்காவுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, அன்று ரிக் வண்டி வேலையில் இருந்து ஒரு மழைக்கு ஊர் திரும்பிய கதிர்வேல், அவளைத் தூக்கக் கை நீட்டினான். குழந்தை அலறிப் பின்வாங்கி அம்மாவின் போனை எடுத்து வந்து காட்டி, "எங்கப்பா இதுக்குள்ள இருக்காரு" என்றது. வீடே சிரித்தது. அவன் மட்டும் கொல்லைப்பக்கம் போய் நெடுநேரம் முகம் கழுவினான். அந்த வருடம் மழை விட்டு வண்டி கிளம்பியபோது அவன் அதில் ஏறவில்லை. பட்டறை வேலைக்குச் சேர்ந்தான்.

இலக்கியா எழுந்து சமையலறைக்குள் போனாள். இரண்டு ஜன்னல்களையும் திறந்தாள். காற்று நன்றாகத்தான் வந்தது. இதில் தனக்கும் குழந்தைக்கும் சமைத்துவிட்டு, சாயங்காலம் வாசலில் சித்ராவோடு பேசிக்கொண்டிருக்கலாம். யாரும் குறை சொல்ல முடியாத வாழ்க்கை. அழுகை வந்தது. எதற்கு என்று பார்த்தால், பாதி அவனுக்காக, பாதி இந்த ஜன்னல்களுக்காக. ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள்.

"வேண்டாம் மாமா. இந்த ஊடு கட்டுபடி ஆகாது."

"அதான் ஆகும்னு சொல்றேனே."

"தவணை ஆகும். ஊடு ஆகாது. நீங்க இல்லாத ஊட்டுக்கு நீங்க தவணை கட்டோணுமா? போனப் போட்டு அந்த அண்ணங்கிட்ட வரலைன்னு சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, நானுங் கேக்கறேன்."

குழந்தைவேல் போனில் விட்ட சத்தம் தெரு முனை வரை கேட்டிருக்கும். "ஏன்டா கதிர்வேலு, புள்ளைப்பூச்சி மாதிரி ஆயிட்டயே! ஒரே நாள்ல ரெண்டு போர் போட்ட ஆளாடா நீ?"

"அண்ணா, பக்கத்துல அவ இருக்கறாங்கண்ணா."

"இருக்கட்டும். அம்மிணி, கேக்குதா? இவன இழுத்துப் பிடிச்சுக் கட்டி வெச்சிட்டயே, சந்தோசமா?"

"சந்தோசந்தானுங்கண்ணா" என்றாள் இலக்கியா.

மறுமுனையில் குரல் தணிந்தது. பிறகு, "செரி, போ. எம் பொண்டாட்டி ஒரு நாளு இப்புடிச் சொல்லிருக்கறாளா?" என்று முணுமுணுத்துவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு அவர்கள் மல்லசமுத்திரம் பக்கம் ஒரு கிராமத்தில் இன்னொரு வீடு பார்த்தார்கள். இந்த முறை இலக்கியாவின் அம்மா சௌந்திரமும் கூட வந்திருந்தார். பழைய வீடு, விலை பன்னிரண்டு லட்சம். தவணை சங்ககிரி ரோட்டு வீட்டுத் தவணையில் மூன்றில் ஒரு பங்குதான், இருவர் சம்பளத்துக்குள் அடங்கியது. வீட்டை விற்கும் குப்பாயி அம்மாள் குமாரபாளையத்தில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறவர். ஒளிவுமறைவு இல்லாதவர்.

"போர்த் தண்ணி உப்புங்க அம்மிணி. அப்பறம் சொல்லலீன்னு சொல்லப்படாது. குடிக்க மட்டும் குழாயில ஒருநாள் விட்டு ஒருநாள் காவேரித் தண்ணி வரும்."

கதிர்வேல் குழாயைத் திறந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டான். முகம் கோணியது. "போர் போடறவன் ஊட்டுல இந்தத் தண்ணியா! சோத்துக்கு உப்பே போட வேண்டாம் போல."

"காத்து திரும்புனா கோழிப்பண்ணை நாத்தம் வேற வருமே மாப்ளை" என்றார் சௌந்திரம்.

"வருமுங்க" என்றார் குப்பாயி அம்மாள், கேட்காமலே. "ஆவணியில கொஞ்சம் ஜாஸ்தி."

இலக்கியா எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். பள்ளிக்கு இனி ஸ்கூட்டியில் இருபது நிமிடம். மழை நாளில் பஸ்தான், அதைத் தவறவிட்டால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து. சமையலறையில் ஒரே ஜன்னல். அதைத் திறந்தால் பக்கத்து வீட்டு எருமை தலையை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்தது. சங்ககிரி ரோட்டு வீட்டின் காற்று நினைவுக்கு வரத்தான் செய்தது. இனியும் சில நாள் வரும். ஆனால் கழிப்பறைக்கு வரிசை இல்லை, பட்டறைக்கு வண்டியில் கால் மணி நேரம், முன்னறை மூவரும் கால் நீட்டிப் படுக்கத் தாராளம்.

"பதினொரு லட்சத்துல முடிச்சுக்கலாங்களா?" என்றார் சௌந்திரம். அரை மணி நேரம் பேசி, உப்புத் தண்ணிக்கு ஒன்று, பண்ணை நாற்றத்துக்கு ஒன்று என்று தட்டித் தட்டிப் பதினொன்றரையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

குப்பாயி அம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே இலக்கியாவிடம் கேட்டார். "பால் காச்சறதுக்கு உங்க ஊட்டுக்காரரு அடுத்தாப்புல எப்ப லீவுல வருவாரு சாமி? இந்தப் பக்கம் பாதிப் பேரு பஞ்சாங்கத்தப் பாக்கறதில்ல. வண்டி வார தேதியத்தான் பாக்கறது."

"நீங்க நல்ல நாளாவே பாருங்கம்மா" என்றாள் இலக்கியா. "அவரு ஊர்லயேதான் இருப்பாரு."

வெளியே எருமைக்குப் புல் கொடுக்க வேண்டும் என்று கனிஷ்கா அடம்பிடிக்க, அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கதிர்வேல் பயந்து பயந்து கையை நீட்டிக்கொண்டிருந்தான்.