நூற்றியோராவது தடவை

அந்த அட்டைப்பெட்டி ஆலையில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள் அவள் ஒருத்திதான். அலுவலகத்தில் விண்டோஸ், கிடங்கின் சர்வரில் லினக்ஸ், மேற்பார்வையாளர்கள் கையில் ஆண்ட்ராய்டு. வெட்டும் இயந்திரத்துக்கு மட்டும் தனியாக ஒரு பழைய இயக்க அமைப்பு. படம் இல்லை, மவுஸ் இல்லை. கறுப்புத் திரையில் நாலு வரி எழுத்து. கத்திக்கு முன்னால் ஓடும் ஒளிக்கதிரைக் கை மறைத்தால், கண்ணிமைப்பதற்குள் கத்தியை நிறுத்துவதுதான் அதன் முதல் வேலை.

புது மேலாளராக அவளுடைய அக்கா புருஷன் வந்தார்.

"எல்லாத்துலயும் ஒரே சிஸ்டத்தைப் போட்டுடு. இந்தப் பழசைக் கட்டிக்கிட்டு எதுக்கு மாரடிக்கணும்?"

"அத்தான், ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒரே நேரத்துல பத்து வேலை பார்க்கும். நாம கூப்பிட்டா 'இரு, வரேன்'னும். லெட்டர் அடிக்க அது போதும். கத்தி விஷயத்துல 'இரு'ங்கிற பேச்சே கூடாது."

"சோதிச்சுப் பாரு. நின்னா சரிதானே?"

இயந்திரத்தில் புது அமைப்பைப் போட்டு, ஒளிக்கதிருக்குக் குறுக்கே மரக்கட்டையை நூறு தடவை நீட்டினாள். நூறு தடவையும் நின்றது. அதுதான் வினை.

"நூத்தியோராவது தடவைக்கு நான் பொறுப்பில்ல" என்றாள். அவர் சிரித்தார்.

மாலையில் அக்கா போன் செய்தாள். "அவர் வந்து ரெண்டு மாசம்கூட ஆகல. கூடப் பொறந்தவளே காலை வாரலாமாடி?"

மறுநாள் 'பாதுகாப்பானது' என்ற தாளில் கையெழுத்துப் போட்டாள்.

பத்தொன்பதாம் நாள், காலை பதினொரு மணி. புது அமைப்பு தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது. வெட்டுபவர், சிக்கிய அட்டையை எடுக்கக் கையை விட்டார். கத்தி அரை வினாடி தாமதமாக நின்றது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

விசாரணை அறிக்கை, 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்றது. அந்த அரை வினாடி பதிவாகியிருந்த தாளை அவள் அத்தானிடம் நீட்டினாள். அவர் அதைத் தொடவேயில்லை.

"கையெழுத்து யாரோடது?" என்று மட்டும் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் வெட்டுபவர் அவளுக்கு ஆறுதல் சொன்னார். "நீங்க ஏம்மா கலங்குறீங்க? அவசரப்பட்டது நான்தானே."

"இல்லண்ணே. அது நின்னிருக்கணும். நிக்காமப் போகலாம்னு தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டேன்."

அவர் கட்டுப்போட்ட கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். "வீட்டுக்காரி வர்ற நேரம்" என்றார். "நீங்க கிளம்புங்க."

அங்கிருந்து நேராகப் போய், அந்தத் தாளையும் நடந்ததை எழுதிய கடிதத்தையும் விசாரணைக் குழுவிடம் கொடுத்தாள். அறிக்கையில் 'தொழிலாளியின்' என்பதை அடித்து, 'கணினிப் பணியாளரின்' என்று திருத்தினார்கள். கவனக்குறைவு அப்படியே இருந்தது. அவளுக்கு வேலை போயிற்று. அத்தானைப் பெரிய ஆலைக்கு மாற்றினார்கள். அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள்.

வெட்டுபவரை ஆலை வாசலில் உட்கார வைத்திருக்கிறார்கள். வந்துபோகும் லாரிகளின் எண்களை, இடது கையால், கோணல்மாணலாக எழுதிக்கொண்டிருக்கிறார்.